சுப்ரதோ முகர்ஜி

1911இல் கொல்கத்தாவில் பிறந்த சுப்ரதோ முகர்ஜி, இங்கிலாந்தின் கிரான்வெல் கல்லூரியில் விமானப் பயிற்சி பெற்றார். 1933 ஏப்ரலில் இந்திய விமானப்படையின் முதல் ஸ்குவாட்ரன் நான்கு விமானங்களுடன் கராச்சியில் உருவானது. அதன் முதல் இந்திய விமானிகளுள் அவரும் ஒருவர். ஸ்குவாட்ரன் என்பது விமானப்படையின் அடிப்படைப் போர்ப்பிரிவு. அதன் தலைமை அன்று ஆங்கிலேயரிடமே இருந்தது. 1939இல் அப்பொறுப்பை ஏற்ற முதல் இந்தியர் முகர்ஜியே.

மறு ஆண்டு, வடமேற்கு எல்லை மலைகளில் முற்றுகையிடப்பட்ட காவல்நிலை ஒன்றில் தோட்டாக்கள் தீர்ந்துகொண்டிருந்தன. குண்டு வீசுவதும் வேவு பார்ப்பதும் மட்டுமா விமானியின் பணி? தம் விமானத் துப்பாக்கியின் தோட்டாக்களைக் கழற்றி, காலுறைகளில் நிரப்பி, அவ்வீரர்களுக்குக் கீழே போடச் செய்தார் முகர்ஜி.

1954இல் விமானப்படையின் முதல் இந்தியத் தலைமைத் தளபதியானார். 1960இல் டோக்கியோவில், உணவு தொண்டையில் அடைத்ததால் உயிர்நீத்தார். அப்போது அவருக்கு வயது 49.