கை கால் விழாத பக்கவாதம்: டாக்டர் வாலன்பர்க்கின் வாழ்க்கை

பக்கவாதம் என்றதும் விழுந்துபோன கையும் காலும், கோணிய வாயும்தான் நம் நினைவுக்கு வரும். ஆனால் கை கால்களில் பலம் அப்படியே இருக்க, தலைசுற்றலும் வாந்தியுமாக வரும் பக்கவாதமும் உண்டு. அதில் ஒரு வகை, மூளையின் எந்த இடத்தில் ஏற்படும் பாதிப்பால் வருகிறது என்று காட்டியவர் ஜெர்மன் மருத்துவர் அடால்ஃப் வாலன்பர்க். மருத்துவ மாணவர்கள் இன்றும் அந்த நோயை அவர் பெயராலேயே படிக்கிறார்கள்.

1862-இல், அன்றைய பிரஷ்யாவின் ஸ்டார்கார்ட் என்ற ஊரில் யூதக் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். ஹைடல்பர்க், லைப்சிக் பல்கலைக்கழகங்களில் மருத்துவம் பயின்றார். பிறகு டான்சிக் துறைமுக நகரில் மருத்துவராக அமர்ந்தார். இன்று அந்நகரம் போலந்தில் உள்ளது.

அங்கே 38 வயது நோயாளி ஒருவர் அவரிடம் வந்தார். திடீரென்று தலைசுற்றல், வாந்தி, விழுங்க முடியாத நிலை, உணர்விழப்பு. அறிகுறிகள் ஒன்றோடொன்று சேராதவை போலத் தெரிந்தன. வாலன்பர்க் அவற்றை ஒவ்வொன்றாகச் சோதித்துக் குறித்துக்கொண்டார்.

இந்த நோயில் முகத்தின் ஒரு பக்கமும், உடலின் மறு பக்கமும் வலியையும் சூட்டையும் உணராமல் போகும். காரணம் நரம்புகள் செல்லும் பாதையில் இருக்கிறது. உடலிலிருந்து இவ்வுணர்வுகளைக் கொண்டுவரும் நரம்பிழைகள் தண்டுவடத்திலேயே மறு பக்கத்துக்குக் கடந்துவிடுகின்றன. முகத்தின் இழைகளோ முகுளம் வரை தம் பக்கத்திலேயே இறங்கி வந்து, அதன் பிறகே கடக்கின்றன. இவ்விரண்டும் அருகருகே இருப்பது மூளைத்தண்டின் அடிப்பகுதியான முகுளத்தின் ஓரத்தில். விழுங்குவதையும் குரலையும் இயக்கும் நரம்பணுக்களும் அங்கேதான் உள்ளன. கை கால்களை அசைக்கும் இழைகள் சற்றுத் தள்ளி முன்புறமாகச் செல்வதால் அவை தப்பிவிடுகின்றன.

இப்படிக் கணக்கிட்டு, சிறுமூளையின் கீழ்ப்பகுதிக்கு ரத்தம் கொண்டுசெல்லும் பின்புறத் தமனியில் அடைப்பு என்று 1895-இல் அவர் எழுதினார். ஸ்கேன் இல்லாத காலம் அது. எக்ஸ்ரே கதிரே அந்த ஆண்டின் இறுதியில்தான் கண்டுபிடிக்கப்பட்டது. சில ஆண்டுகள் கழித்து அந்த நோயாளி இறந்தபோது மூளையைச் சோதித்தார். அவர் சொன்னது சரியாக இருந்தது. அதை 1901-இல் வெளியிட்டார்.

டான்சிக் மருத்துவமனையில் துறைத் தலைவராகப் பணியாற்றியபடியே, லுட்விக் எடிங்கர் என்ற அறிஞருடன் சேர்ந்து விலங்குகளின் மூளை அமைப்பையும் ஆராய்ந்தார். ஆனால் நாஜிக்களின் ஆட்சியில் யூதர் என்பதற்காக ஆய்வை இழந்தார். 1938-இல், எழுபத்தைந்து வயதைக் கடந்த நிலையில் நாட்டை விட்டு வெளியேறி இங்கிலாந்தின் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போனார். பிறகு அமெரிக்கா சென்று 1949-இல் அங்கேயே இறந்தார். அவரைத் துரத்திய ஆட்சி அழிந்தது. அவர் தந்த அறிவு நிலைத்தது.

அந்த அறிவு நம் வீட்டுக்கும் தேவை. திடீர்த் தலைசுற்றலோடு நடை தள்ளாடினாலோ, குரல் கம்மினாலோ, விழுங்க முடியாமல் போனாலோ, பித்தம், வாயு என்று காத்திருக்காதீர்கள். பக்கவாதம் ரத்தக்குழாய் அடைப்பாலும் வரும், ரத்தக் கசிவாலும் வரும். இரண்டுக்கும் சிகிச்சை வேறு. ஸ்கேன் எடுத்தே பிரித்தறிய முடியும். ஆகவே நாமாக எந்த மாத்திரையும் கொடுக்கக் கூடாது. அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பொதுவாக நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும்.

ஓதிய தண்ணீரைப் பரிவோடு புகட்டுவது நம் வழக்கம். விழுங்க முடியாதவருக்கு அந்த ஒரு மடக்கும் நுரையீரலுக்குள் இறங்கிவிடலாம். துஆவை வண்டியில் போகும்போதே கேட்கலாம். தண்ணீரை மருத்துவர் சொன்ன பிறகு கொடுக்கலாம்.