பேராலயங்களைப் படமெடுத்த புத்தக வணிகர்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில், இலண்டன் மாநகரின் சீப்சைடு கடைவீதியை ஒட்டிய குயின் தெருவில் ஒரு புத்தகக் கடை இருந்தது. சுற்றிலும் இருந்த வணிக நிலையங்களிலும் காப்பீட்டு அலுவலகங்களிலும் பணிபுரிந்த எழுத்தர்கள் நண்பகல் இடைவேளையில் அங்கு வந்து நூல்களைப் புரட்டிப் பார்ப்பதுண்டு. அக்கடையின் உரிமையாளர் பிரெடரிக் ஹென்றி எவன்ஸ். ஐரோப்பாவின் தொன்மையான பேராலயங்களைப் புகைப்படத் தாளில் பதித்தோருள் முதல் வரிசையில் வைத்து இன்று போற்றப்படும் இவர், தம் நாற்பத்தைந்தாம் வயது வரை புத்தகம் விற்றே வாழ்ந்தவர். அவருடைய கலையைப் புரிந்துகொள்ள விழைவோர் அக்கடையிலிருந்தே தொடங்குதல் தகும்.

எவன்ஸ் 1853ஆம் ஆண்டு ஜூன் 26ஆம் நாள் இலண்டனில் பிறந்தார். புத்தக வணிகம் அவருக்குப் பிழைப்பு மட்டுமன்று. ஓவியம், இசை, கட்டடக் கலை ஆகியவற்றில் அவர் பெற்ற புலமை யாவும் அந்த அலமாரிகளுக்கு இடையே வளர்ந்ததே. பிற்காலத்தில் நாடகாசிரியராகப் புகழ்பெற்ற பெர்னாட்ஷா அவருடைய நண்பர். நண்பகலில் கடைக்கு வந்த எழுத்தர்களுள் ஆப்ரி பியர்ட்ஸ்லி என்னும் மெலிந்த இளைஞனும் ஒருவன். காசநோயால் நலிந்திருந்த அவ்விளைஞனிடம் நூல் வாங்கப் போதிய பணம் இல்லை. அவன் வரைந்த சித்திரங்களைப் பெற்றுக்கொண்டு அவற்றுக்கு ஈடாக நூல்களை வழங்கினார் எவன்ஸ். 1892இல், ஆர்தர் மன்னன் கதைகளுக்குப் படம் வரைய ஓவியர் ஒருவரைத் தேடிக்கொண்டிருந்த டென்ட் என்னும் பதிப்பாளருக்குப் பியர்ட்ஸ்லியை அறிமுகம் செய்துவைத்தவரும் அவரே. ஆங்கில நூற்சித்திரக் கலையில் ஒரு புதிய காலம் தொடங்கியது ஒரு கடைக்காரரின் பரிந்துரையால் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். பியர்ட்ஸ்லி தன் நீண்ட விரல்களைக் கன்னத்தில் பதித்துப் பக்கவாட்டில் நோக்கும் படத்தை 1894ஐ ஒட்டி எடுத்தவரும் எவன்ஸ்தான். பாரிசின் நோத்ர தாம் பேராலயத்து மாடத்தில் கன்னத்தில் கைவைத்து ஊரைப் பார்த்திருக்கும் கற்பூதத்தை அது நினைவூட்டுகிறது. நான்கே ஆண்டுகளில், இருபத்தைந்தாம் வயதில், அந்த ஓவியன் மறைந்தான்.

எவன்ஸ் புகைப்படக் கலைக்கு வந்த வழி விந்தையானது. 1880களில் அவர் நுண்ணோக்கியின் வழியே சிப்பிகளையும் கிளிஞ்சல்களையும் படமெடுத்தார். அப்படங்களுக்காக 1887இல் பிரிட்டனின் புகைப்படக் கழகம் அவருக்குப் பதக்கம் வழங்கியது. கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிரின் ஓட்டில் வளைவுகளும் வரிகளும் அமைந்திருக்கும் ஒழுங்கைப் பொறுமையுடன் பார்த்துப் பழகிய கண்ணே பின்னர் பேராலயத்தின் வளைவுகளை நோக்கித் திரும்பியது. கிளிஞ்சலின் சுருளுக்கும் கற்படியின் வளைவுக்கும் அவர் கண்ணில் உறவு இருந்தது எனக் கருத இடமுண்டு.

1896இல், கவிஞரும் கைவினைக் கலைகளின் காவலருமான வில்லியம் மாரிஸின் கெல்ம்ஸ்காட் மாளிகையை அவர் படமெடுத்தார். அந்த ஆண்டு அக்டோபரில் மாரிஸ் காலமானார். மாளிகையின் முன்புறத் தோற்றத்தைக் காட்டிலும் அதன் மச்சு அறையைப் பற்றிய படமே இன்று பெரிதும் பேசப்படுகிறது. கோடரியால் செதுக்கப்பட்ட உத்தரங்களும் சாய்ந்த கூரைச் சட்டங்களும் ஒரு மரக் கூடாரம்போல் அதில் நிற்கின்றன. பொருள்கள் எவையும் இல்லை. மரமும் அதன்மேல் தவழும் ஒளியுமே உள்ளன. கையால் செய்த பொருளுக்கு மாரிஸ் தந்த மதிப்பு எவன்ஸின் உள்ளத்திலும் ஊறியிருந்தது. மாரிஸ் பயன்படுத்திய அச்சுப்பொறியிலேதான் ஈழத்து அறிஞர் ஆனந்த குமாரசுவாமி தம் இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலை 1908இல் அச்சிட்டார் என்பதை இங்கு நினைவு கூரலாம். எந்திர யுகத்தின் நடுவே கைத்திறனைக் காக்க முயன்ற ஒரு மரபு அது. எவன்ஸ் கையாண்டதோ கேமரா என்னும் எந்திரம். ஆயினும் அவரும் அம்மரபைச் சேர்ந்தவரே.

ஐரோப்பாவின் வரலாற்றுச் சின்னங்களைப் படமெடுக்கும் வழக்கம் அவருக்கு முன்பே வேரூன்றியிருந்தது. பிரெஞ்சு அரசின் தொன்மைச் சின்னங்கள் ஆணையம் 1851இல் பால்துஸ், லெ செக், லெ கிரே முதலிய ஐவரை நாட்டின் பல பகுதிகளுக்கு அனுப்பிச் சிதைந்துவரும் கட்டடங்களைப் பதிவு செய்தது. இங்கிலாந்தில் பிரான்சிஸ் பிரித்தின் நிறுவனம் கோட்டைகளையும் கோயில்களையும் படமெடுத்துச் சுற்றுலாப் பயணிகளுக்கு விற்றது. ஆணையத்துக்கு வேண்டியது சான்று. பயணிக்கு வேண்டியது நினைவுப்பொருள். கட்டடத்தின் முகப்பு முழுதும் தெளிவாகத் தெரிந்தால் இருவருக்கும் நிறைவே.

எவன்ஸ் நாடியது வேறு. பேராலயத்தினுள் நுழைபவனின் நெஞ்சில் எழும் உணர்வைத் தாளில் கொணர வேண்டும் என்பதே அவர் நோக்கம். டர்னர் தீட்டிய பேராலய நீர்வண்ண ஓவியங்கள் அவர் மனத்தில் ஆழப் பதிந்திருந்தன. 1898இல் கடையை விட்டு விலகியபின் அவர் முழுநேரமும் இப்பணிக்கே தம்மை ஒப்படைத்தார். லிங்கன், ஈலி, யார்க், வெல்ஸ் எனப் பேராலய நகரங்களில் நெடுநாள் தங்கினார். வந்தவுடன் கேமராவைத் திறப்பது அவர் வழக்கமன்று. காலையில் எச்சாளரத்தின் வழியே ஒளி நுழைகிறது, மாலையில் எத்தூணின் மேல் அது சாய்கிறது என்று பல நாள் சுற்றிச் சுற்றி வந்து பார்ப்பார். மங்கிய உட்கூடங்களில் ஒளிபுகும் துளையை மிகச் சிறிதாக்கி நெடுநேரம் தகட்டைத் திறந்துவைப்பார். இடையே நடந்து செல்வோர் படத்தில் பதியாமலே மறைந்துவிடுவர். அசையாத கல் மட்டுமே நிற்கும். ஈலியின் பருத்த நார்மன் தூண்களும் அரைவட்ட வளைவுகளும் அவர் படத்தில் இருளிலிருந்து மெல்ல மெல்ல வெளிப்படுகின்றன. லிங்கன் பேராலயத்தையோ அவர் கோட்டைப் பக்கமிருந்து பார்த்தார். முன்னே வீடுகளின் கூரைகளும் புகைபோக்கிகளும் நெருங்கி நிற்க, பின்னே மூடுபனியில் மிதப்பதுபோல் கோபுரங்கள் எழுகின்றன.

இத்தகைய படங்களைத் தாங்குவதற்கு அவர் ஏற்ற தாள் ஒன்றே. அதுவே பிளாட்டினத் தாள். இதனை வில்லியம் வில்லிஸ் என்பவர் 1873இல் கண்டறிந்து காப்புரிமை பெற்றார். இரும்பு உப்பும் பிளாட்டின உப்பும் தோய்ந்த தாளின்மேல் நெகட்டிவ் எனப்படும் எதிர்மறைத் தகட்டை நேரே பொருத்திப் பகலொளியில் வைப்பர். ஒளிபட்ட இடத்தில் இரும்பு உப்பு மாற்றம் அடையும். பின்னர் ஆக்சலேட்டுக் கரைசலில் இடும்போது அவ்விடங்களில் பிளாட்டினம் உலோகமாகப் படியும். எஞ்சிய இரும்பை நீர்த்த அமிலத்தில் கழுவி நீக்கிவிடுவர். வெள்ளிப் படங்களில் உருவம் முட்டை வெண்கரு அல்லது ஜெலட்டின் படலத்தில் தங்குகிறது. காலப்போக்கில் பழுப்பேறி மங்கவும் கூடும். பிளாட்டினப் படத்திலோ உருவம் தாளின் இழைகளிலேயே படிந்துவிடுகிறது. பளபளப்பு இல்லை. கருமைக்கும் வெண்மைக்கும் இடையே எண்ணற்ற சாம்பல் நிறப் படிகள் அமைகின்றன. நிழலுக்குள் நிழலாக அடுக்கடுக்காய் விரியும் கற்கூடத்துக்கு இதைவிட ஏற்ற ஊடகம் அன்று இல்லை. தகட்டை நேரே தாளில் வைத்துப் பதிப்பதால் தகட்டின் அளவே படத்தின் அளவாகும். ஆகவே எவன்ஸின் பேராலயங்கள் ஓர் உள்ளங்கை, இரண்டு உள்ளங்கை அளவினவே. அவற்றைச் சுவரில் தொலைவிலிருந்து காண்பதைவிட, நூலைப்போல் கையில் ஏந்தி அருகில் வைத்துக் காண்பதே முறை. புத்தகக் கடைக்காரரின் கை இங்கும் தெரிகிறது. படத்தைச் சுற்றி வெவ்வேறு நிறத் தாள்களை ஒன்றன்கீழ் ஒன்றாக ஒட்டி, மெல்லிய கோடுகள் இழுத்து, நீர்வண்ணப் பூச்சால் ஓரம் கட்டி அழகுபடுத்தும் பணியையும் அவரே செய்தார்.

அவருடைய படங்களுள் தலையாயது 1903இல் வெல்ஸ் பேராலயத்தில் எடுத்தது. அங்கே குருமார் பேரவை மண்டபத்துக்கு ஏறிச் செல்லும் கற்படிக்கட்டு பதின்மூன்றாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஏறுவோர் பாதங்களால் அறுநூறு ஆண்டுகளாகத் தேய்ந்து படிகளின் நடுப்பகுதி குழிந்துவிட்டது. ஓரிடத்தில் படிக்கட்டு பிரிகிறது. வலப்பக்கம் திரும்பும் படிகள் மண்டபத்தின் வாயிலை நோக்கி வளைந்து செல்கின்றன. நேரே செல்லும் படிகள் பதினைந்தாம் நூற்றாண்டில் கட்டப்பட்ட பாலத்தை நோக்கி ஏறுகின்றன. அந்த வளைவை எவன்ஸ் பொங்கிப் புரளும் அலையாகக் கண்டார். படத்துக்குப் படிகளின் கடல் என்று பெயரிட்டார். பார்ப்பவரின் காலடியிலிருந்தே படிகள் தொடங்குகின்றன. கண் தானே ஏறத் தொடங்குகிறது. தேய்ந்த கல்லின் ஒவ்வொரு விளிம்பிலும் ஒளி தயங்கித் தயங்கி நிற்கிறது. படத்தில் ஒரு மனிதரும் இல்லை. ஆயினும் ஏறி இறங்கிய தலைமுறைகள் அனைத்தும் அந்தத் தேய்மானத்தில் இருக்கின்றன.

அக்காலத்தில் புகைப்படம் கலையா என்னும் வாதம் கடுமையாக நடந்துகொண்டிருந்தது. கலையே என நிறுவ முயன்ற பலர் அதனை ஓவியம்போல் ஆக்கினர். பிரான்சின் தெமாஷி போன்றோர் கோந்துக் கலவையைத் தாளில் பூசித் தூரிகையால் உருவத்தை மாற்றி அமைத்தனர். எவன்ஸ் 1900இல் லிங்க்ட் ரிங் என்னும் கலைஞர் குழாத்தில் உறுப்பினராகச் சேர்ந்தார். அதன் ஆண்டுக் கண்காட்சியை ஒழுங்குபடுத்தும் பொறுப்பையும் சில ஆண்டுகள் ஏற்றார். அக்குழாத்துக்குள்ளேயே தூரிகையாளர் பலர் இருந்தனர். தகட்டிலோ தாளிலோ கைவைத்துத் திருத்துதல் கூடாது, ஒளி வரைந்ததே படம் என்பதில் எவன்ஸ் இறுதிவரை உறுதியாக நின்றார். இத்தூய்மைக்கும் ஓர் எல்லை உண்டு என்பதைச் சொல்லாமல் விடுதல் நேர்மையாகாது. கூடத்தில் கிடந்த நாற்காலிகளையும் கண்ணை உறுத்தும் பொருள்களையும் அகற்றித் தருமாறு பேராலய அலுவலர்களை அவர் வேண்டிக்கொள்வார். படத்தைத் திருத்தாதவர் இடத்தைத் திருத்தினார். நாள்தோறும் வழிபாட்டுக்கு வருவோர் கண்ட பேராலயம் அவர் படங்களில் இல்லை. அதைக் கட்டிய கொத்தர்கள் பணி முடித்துக் கீழிறங்கிய அன்று கண்டிருக்கக்கூடிய பேராலயமே உள்ளது.

1900இல் இலண்டனில் அவருடைய 150 படங்கள் காட்சிக்கு வைக்கப்பட்டன. நியூயார்க்கில் ஆல்பிரட் ஸ்டீக்லிட்ஸ் நடத்திய கேமரா ஒர்க் இதழின் 1903 அக்டோபர் வெளியீடு எவன்ஸுக்கே உரியதாக அமைந்தது. அவ்விதழில் இச்சிறப்பைப் பெற்ற முதல் ஆங்கிலேயர் அவரே. அவரைப் பற்றிய கட்டுரையைப் பெர்னாட்ஷா எழுதினார். பின்னர் கன்ட்ரி லைஃப் இதழுக்காக ஆங்கிலத் தேவாலயங்களையும் பிரான்சின் மாளிகைகளையும் எடுத்தார். 1911இல் வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்தின் உட்புறம் முழுவதையும் வரிசையாக எடுத்தார்.

இந்நிலையில்தான் அவர் நம்பியிருந்த தாளுக்கு ஆபத்து வந்தது. உலகின் பிளாட்டினத்தில் பெரும்பகுதி ரஷ்யாவின் யூரல் மலைப் பகுதியிலிருந்து வந்தது. அதன் விலை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே ஏறிவந்தது. 1914இல் உலகப் போர் மூண்டதும் வெடிமருந்துக்கு வேண்டிய அமிலங்களை உற்பத்தி செய்யப் பிளாட்டினம் தேவைப்பட்டது. புகைப்படத் தாளுக்கு அது கிடைப்பது அரிதாயிற்று. தாள் செய்து வந்த நிறுவனம் வெள்ளியும் பிளாட்டினமும் கலந்த தாளையும், 1916இல் பல்லேடியம் என்னும் உலோகத்தால் ஆன தாளையும் மாற்றாகத் தந்தது. வேறு பலர் அவற்றை ஏற்றுத் தொழிலைத் தொடர்ந்தனர். எவன்ஸ் ஏற்கவில்லை. கேமராவை ஒதுக்கி வைத்தார்.

இதனைப் பிடிவாதம் என்று கொள்வாருண்டு. மாற்றுத் தாளில் அவர் பதித்திருந்தால் மேலும் பல பேராலயங்கள் நமக்குக் கிடைத்திருக்குமே என்னும் ஏக்கமும் நியாயமானதே. ஆனால் எவன்ஸுக்குப் படம் என்பது கண்ணாடித் தகடு அன்று. தாளில் முற்றுப்பெற்ற வடிவமே படம். தாள் மாறினால் நிழலின் ஆழம் மாறும். நிழல் மாறினால் அவர் நாள்கணக்கில் காத்திருந்து கண்ட அந்த ஒளியும் பொய்யாகிவிடும். தூரிகையால் திருத்த மறுத்த அதே மனம்தான் மாற்றுத் தாளையும் மறுத்தது. ஒன்றைப் புகழ்ந்து மற்றதைக் குறைகூறுதல் இயலாது. கல்லுக்கென்றே வாழ்ந்த அக்கலைஞரின் பணி ஓர் உலோகத்தின் பற்றாக்குறையால் நின்றது. போர் வெல்ஸின் படிகளைத் தொடவில்லை; அவற்றைத் தாளில் ஏற்றும் வழியை அடைத்துவிட்டது.

அதற்கு முன்னரே, 1912, 1913 ஆண்டுகளில், வில்லியம் பிளேக்கின் மரச்செதுக்குப் படங்களையும் ஹோல்பைனின் மரண நடனச் சித்திரங்களையும் பிளாட்டினத் தாளில் பெயர்த்துச் சிறு பதிப்புகளாக அவர் தாமே வெளியிட்டிருந்தார். நூலும் படமும் அங்கே மீண்டும் ஒன்றாயின. பின்னைய ஆண்டுகளில் பியானோலா என்னும் எந்திரப் பியானோவின் இசையில் தோய்ந்திருந்தார். 1928இல் அரச புகைப்படக் கழகம் அவரைச் சிறப்பு உறுப்பினராக்கியது. புதிய தலைமுறைக்கு அவர் பெயர் ஏறக்குறைய மறந்துபோயிருந்தது. இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த 1943ஆம் ஆண்டில், ஜூன் 24ஆம் நாள், தொண்ணூறு நிறைவதற்கு இரண்டு நாள்களே இருக்கையில், இலண்டனில் காலமானார்.

2010இல் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்துக் கெட்டி அருங்காட்சியகம் அவருடைய படங்களுக்கென்றே பெரியதொரு கண்காட்சியை நடத்தியது. அரச புகைப்படக் கழகத்தின் தொகுப்பு 2017இல் இலண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. நூறாண்டுக்கு மேலாகியும் அவருடைய பிளாட்டினத் தாள்களில் உருவம் மங்கவில்லை. அவர் கையால் ஒட்டிய வண்ணத் தாள்களின் அடுக்கும் இழுத்த கோடுகளும் சுற்றிலும் இருக்க, பலவற்றில் அவர் பெயரின் முதலெழுத்துகள் மட்டும் சிறு முத்திரையாக மையின்றி அழுத்தப்பட்டுள்ளன.