கோழிகள் கண்டுபிடித்துக் கொடுத்த சத்து

வெள்ளை வெளேர்னு இருக்கும் சோற்றில் அப்படி என்ன குறை? விடை தேடியவர் டச்சு மருத்துவர் கிறிஸ்டியான் ஐக்மான்.

1858இல் நெதர்லந்தில் பிறந்தவர். 1886இல் ஓர் ஆய்வுக் குழுவுடன் ஜாவா சென்றார். கால்களை மரத்துப்போகச் செய்து, உயிரையே பறிக்கும் பெரிபெரி நோய்க்குக் காரணமான கிருமியைக் கண்டுபிடிப்பதே வேலை.

கிருமி சிக்கவில்லை. ஆனால் ஆய்வுக்கூடக் கோழிகள் திடீரென்று நடக்க முடியாமல் தள்ளாடின. சில மாதங்களில் தானாகவே தேறின. எப்படி?

ராணுவ மருத்துவமனையில் மிஞ்சிய வெள்ளைச் சோறுதான் கோழிகளுக்குத் தீனி. புதிதாக வந்த சமையல்காரர் அதைத் தர மறுத்தார். தீட்டாத அரிசிக்கு மாறியதும் கோழிகள் பிழைத்துக்கொண்டன.

ஜாவாவின் சிறைகளிலும் அதே கதை. தீட்டிய அரிசி சாப்பிட்ட கைதிகளிடையே பெரிபெரி பல மடங்கு அதிகம்.

சோற்றில் ஏதோ நஞ்சு இருக்கிறது, தவிடு அதை முறிக்கிறது என்று நினைத்தார் ஐக்மான். அங்கேதான் தப்புக் கணக்கு. தவிட்டோடு ஒரு சத்தே போய்விடுகிறது என்று 1901இல் விளக்கியவர், அவருடைய வேலையைத் தொடர்ந்த கெரிட் கிரைன்ஸ். அந்தச் சத்துதான் தையமின், அதாவது வைட்டமின் பி1.

1929இல் ஐக்மானுக்கு நோபெல் பரிசு கிடைத்தது. மறு ஆண்டே காலமானார்.

தையமினை நம் உடம்பு தானாகத் தயாரிக்காது, சாப்பாட்டில்தான் வரவேண்டும். வயிறு நிறைந்தும் உடம்பு பட்டினி கிடக்கலாம். தட்டில் வெள்ளைச் சோறு இருந்தால், பக்கத்தில் பருப்பும் இருக்கட்டும்.