மண்ணை நேசித்த மாமேதை

இடைவேளை மணி அடித்ததும் வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரித்துத் தோழியரோடு பகிர்ந்து உண்கிறோம் நாம். அந்தக் கடலையைக் கொண்டே ஏழை உழவர்களின் வாழ்வில் விளக்கேற்ற முயன்ற ஒருவரை அறிவோமா? அவரே ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர்.

அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில், டைமண்ட் என்னும் சிற்றூருக்கு அருகே, 1864ஆம் ஆண்டையொட்டி ஓர் அடிமைத் தாயின் மகனாக அவர் பிறந்தார். கைக்குழந்தையாக இருந்தபோதே கொள்ளையர் தாயையும் சேயையும் கவர்ந்து சென்றனர். சேய் மட்டுமே மீட்கப்பட்டது. தாய் திரும்பவே இல்லை. பண்ணை உரிமையாளரான கார்வர் தம்பதியரே அவரை வளர்த்தனர். நோயாளிப் பிள்ளையாதலால் கடும் வயல்வேலை செய்ய இயலாது. எனவே சிறுவன் காட்டிலும் தோட்டத்திலும் திரிந்து செடிகொடிகளோடு பழகினான். வாடிய செடிகளைப் பிழைக்க வைத்த அவனை அக்கம்பக்கத்தார் செடி வைத்தியர் என்றே அழைத்தனர். தாயை இழந்த பிள்ளைக்கு இயற்கையே தாயாயிற்று.

துணி வெளுத்தும் சமையல் செய்தும் அவர் படித்தார். கான்சாஸ் மாநிலத்தில் ஒரு கல்லூரி கடிதம் வழியே இடம் தந்தது. நேரில் சென்றபோதோ, கறுப்பினத்தவர் என்று கண்டு கதவை அடைத்தது. மனம் நொந்தாரே தவிரக் கல்வியைக் கைவிடவில்லை. பின்னாளில் அயோவா மாநில வேளாண்மைக் கல்லூரியில் சேர்ந்த முதல் கறுப்பின மாணவராகி, 1896இல் முதுகலைப் பட்டம் பெற்றார்.

அங்கேயே வசதியாக வாழ்ந்திருக்கலாம். ஆனால் அதே ஆண்டு, அலபாமா மாநிலத்தின் டஸ்கிகி நிறுவனத்தில் தம் மக்களுக்குக் கற்பிக்கச் சென்றார். பருத்தியையே ஆண்டுதோறும் பயிரிட்டதால் அங்கு நிலம் வளமிழந்து கிடந்தது. உழவர்களோ பிறர் நிலத்தில் உழைத்துக் கடனில் மூழ்கியிருந்தனர். ஆய்வுக்கூடத்தில் கருவிகள் இல்லை. கார்வர் மாணவர்களோடு குப்பைமேடுகளில் பழைய புட்டிகளைப் பொறுக்கி வந்து கருவிகளாக்கினார்.

பருத்திக்குப் பின் பயறும் வேர்க்கடலையும் விதைக்கச் சொன்னார். அவற்றின் வேர் முடிச்சுகளில் வாழும் நுண்ணுயிர்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பயிருக்கு உணவாக்குகின்றன. நிலமும் வளம் பெறுகிறது. கடன் வாங்கி உரம் வாங்காமல், காட்டுச் சருகையும் சதுப்பு மண்ணையும் இடக் கற்பித்தார். காட்டில் தானே முளைக்கும் கீரைகளை உண்ணவும் சொல்லிக்கொடுத்தார். பள்ளிக்கு வர இயலாதோரைத் தேடி, 1906இல் நடமாடும் வேளாண்மைப் பள்ளியாக ஒரு வண்டி கிராமங்களுக்குப் புறப்பட்டது. 1916இல் வேர்க்கடலையை உணவாக்க 105 வழிகளைச் சிறுநூலாக வெளியிட்டார். கடலை வெண்ணெயைக் கண்டுபிடித்தவர் அவரே என்பர் சிலர்; அது சரியன்று. ஏழையின் காலடியிலிருந்த செல்வத்தை ஏழைக்கே காட்டியதுதான் அவருடைய பெருமை.

விடியுமுன் எழுந்து தனியே காட்டில் நடந்து இறைவனைத் தேடுவது அவர் வழக்கம். வாழ்நாள் சேமிப்பை ஆய்வுப் பணிக்கே ஈந்து, 1943 ஜனவரி 5ஆம் நாள் மறைந்தார்.

நம் பள்ளித் தோட்டத்தில் களையென்று நாம் பிடுங்கி எறிபவற்றுள் குப்பைக்கீரையும் உண்டு, மூக்கிரட்டையும் உண்டு. இரண்டுமே உண்ணத்தக்கவை என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? தனக்குக் கதவடைத்த உலகை வெறுக்காமல், இறைவன் படைத்த மண்ணை உற்று நோக்கியே பிறர் பசி தீர்க்கப் பாடுபட்டார் கார்வர். நாமும் முதலில் நம் காலடியில் உள்ள செடிகளின் பெயர்களையேனும் கற்போமாக!