பேராசான் இப்னு அரபி (ரஹ்)

இஸ்லாமிய மெய்ஞ்ஞான வரலாற்றில் ‘ஷைகுல் அக்பர்’ என்னும் சிறப்புப் பெயரால் சுட்டப்பெறுபவர் முஹ்யித்தீன் இப்னு அரபி (ரஹ்) அவர்கள். ‘பேராசான்’ என்பது அப்பெயரின் பொருள். அன்னாரின் வாழ்வையும், அவர்தம் சிந்தனையின் உயிர்நாடியான உள்ளமையின் ஒருமையையும் சுருக்கமாக ஈண்டுக் காண்போம்.

ஹிஜ்ரி 560ஆம் ஆண்டு ரமளான் மாதத்தில் (கி.பி. 1165) ஸ்பெயின் நாட்டு முர்சியா நகரில் அவர் பிறந்தார். குழந்தைப் பருவத்திலேயே குடும்பம் செவில் நகருக்குக் குடியேறியது. இளமையில், தந்தையின் நண்பரும் தத்துவப் பேரறிஞருமான இப்னு ருஷ்தைக் குர்துபாவில் சந்தித்தார். ஆய்வறிவால் பெறுவதும் அகத்தெளிவால் பெறுவதும் ஒன்றுதானா என வினவினார் முதிய அறிஞர். ஆம் என்றும் அன்று என்றும் ஒருசேர விடையிறுத்தார் இளைஞர். அவ்விடை கேட்டு அறிஞரின் முகம் வெளிறியது. அறிவுக்கு எல்லையுண்டு என்பதை அவர் உணர்ந்தார் போலும்!

செவிலில் தொண்ணூறு வயது கடந்த பாத்திமா என்னும் மூதாட்டியாரிடம் இப்னு அரபி பணிவிடை செய்து ஞானம் பயின்றார். அவர் தங்குவதற்கு நாணற் குடிலொன்றைத் தம் கையாலேயே அமைத்துக் கொடுத்தார். ‘நான்’ என்னும் செருக்கு அடங்குவதற்குரிய முதற்பாடம் பணிவிடையே என்பதற்கு இந்நிகழ்ச்சி சான்றாகும்.

1198இல் மறைந்த இப்னு ருஷ்தின் உடல் பின்னர் குர்துபாவுக்குக் கொண்டுவரப்பட்டது. பொதிவிலங்கின் ஒருபுறம் சவப்பெட்டியும், எடை ஈடுசெய்ய மறுபுறம் அவர் எழுதிய நூல்களும் கட்டப்பட்டிருந்தன. அக்காட்சியை நேரில் கண்ட இப்னு அரபி, பின்னர்க் கீழ்த்திசை நோக்கிப் புறப்பட்டார். 1202இல் மக்காவை அடைந்து, 560 அத்தியாயங்கள் கொண்ட ‘புதூஹாத்துல் மக்கிய்யா’ என்னும் பெருநூலைத் தொடங்கினார். 1229இல் 27 அத்தியாயங்கள் கொண்ட ‘புஸூஸுல் ஹிகம்’ பிறந்தது.

அவர் உணர்த்திய கருத்து யாது? உண்மையான உள்ளமை இறைவன் ஒருவனுக்கே உரியது. படைப்புகள் தாமாக இருப்பவை அல்ல. அவன் அருளால் தோன்றுபவை. கண்ணாடியில் தோன்றும் உருவத்தை எண்ணிப் பார்ப்போம். அதனை இல்லை எனலாகாது. தனித்து உண்டு எனவும் ஆகாது. மனிதனின் ‘நான்’ என்பதும் அத்தகையதே. இரவல் பொருளைச் சொந்தம் என எண்ணுவதே மயக்கம். அம்மயக்கம் நீங்குவதே ஞானம்.

‘வஹ்தத்துல் வுஜூத்’ என்னும் பெயர் இக்கொள்கைக்குப் பின்வந்தோரால் நிலைபெற்றது. அவருடைய மாணவர் ஸத்ருத்தீன் கூனவி இச்சிந்தனையை முறைப்படுத்தினார். கடுமையான எதிர்ப்பும் எழுந்தது. படைத்தவனும் படைப்பும் ஒன்றெனக் கொள்ள இது இடந்தரும் என இப்னு தைமிய்யா கண்டித்தார். ஷைகு அஹ்மத் ஸிர்ஹிந்தி (1564–1624), ஒருமை என்பது காண்பவனின் காட்சியில் உள்ளதே எனத் திருத்தம் கூறினார். இவ்வெச்சரிக்கைகளைப் புறந்தள்ளுதல் நமக்குத் தகாது. எனினும், அடியான் அடியானே, இறைவன் இறைவனே என்னும் வரம்பை இப்னு அரபியும் வற்புறுத்தினார் என்பதை மறத்தலாகாது. தொழுகையும் நோன்பும் அவர் வாழ்வில் தளரவில்லை. ஒருமை கண்டேன் எனக் கூறிக் கடமையைக் கைவிடுவோன், அகற்ற வேண்டிய ‘நான்’ என்பதையே அரியணை ஏற்றுகின்றான்.

1223 முதல் டமாஸ்கஸில் வாழ்ந்த அவர், 1240 நவம்பரில் மறைந்து காசியூன் மலையடிவாரத்தில் நல்லடக்கம் செய்யப்பெற்றார். 1516இல் அந்நகரைக் கைப்பற்றிய உதுமானிய சுல்தான் சலீம், அடக்கத்தலத்தைப் புதுப்பித்து அருகே பள்ளிவாசலும் எழுப்பினார்.

கற்கக் கற்கத் ‘தான்’ என்னும் எண்ணம் வளர்வது கல்வியாளர் யாவரையும் சூழும் ஆபத்தாகும். பேரறிஞர் கண்டு வியந்த இளைஞர், மூதாட்டி ஒருவரின் குடிலுக்கு நாணல் சுமந்தார். மாணவச் செல்வங்களும் ஆசிரியராகிய நாமும் அவ்வரலாற்றினின்று கொள்ளத்தக்க பாடம் அதுவே.