மாயூரம் வேதநாயகம் பிள்ளை

மாயூரம் ச. வேதநாயகம் பிள்ளை (அக்டோபர் 11, 1826 - சூலை 21, 1889) தமிழின் முதல் புதினமான பிரதாப முதலியார் சரித்திரத்தின் ஆசிரியர். கத்தோலிக்கக் கிறித்தவரான இவர் நீதித்துறையில் பணியாற்றியபடியே நூல்கள் இயற்றினார்.

வாழ்க்கை

திருச்சிராப்பள்ளி அருகே குளத்தூரில் சவரிமுத்துப் பிள்ளைக்கும் ஆரோக்கிய மரி அம்மாளுக்கும் பிறந்தார். திருச்சிராப்பள்ளி நீதிமன்றத்தில் ஆவணக் காப்பாளராகவும் மொழிபெயர்ப்பாளராகவும் இருந்து, 1857 இல் தரங்கம்பாடி முனிசீப் ஆனார். பின்னர் சீர்காழியிலும் மாயூரத்திலும் (இன்றைய மயிலாடுதுறை) பணிபுரிந்தார்.

பணியும் எழுத்தும்

இவருடைய எழுத்து அலுவலகத்திலிருந்து விலகி நின்றதன்று. 1805 முதல் 1861 வரையான உயர்நிலைத் தீர்ப்புகளைத் தமிழில் சுருக்கிச் சித்தாந்த சங்கிரகம் என வெளியிட்டார். நீதிநூலும் (1859) பெண்மதி மாலையும் (1869) பணிக்காலத்தில் வந்தவை. இவை செய்யுள் நூல்கள் என்பது கவனிக்கத்தக்கது. நீண்ட உரைநடைக் கதையோ, 1872 இல் பணியிலிருந்து விலகி ஏழாண்டுகள் கழித்து, 1879 இல்தான் அச்சேறியது.

அக்கதையில் கணவனைப் பிரிந்த ஞானாம்பாள் ஆண் வேடத்தில் விக்கிரமபுரியின் அரசராகிறாள். இத்தகைய திருப்பங்களுக்கிடையே, தமிழ் நாட்டு நீதிமன்றங்களில் ஆங்கிலத்தில் வாதாடும் வழக்கறிஞர்களும் கண்டிக்கப்படுகின்றனர். முனிசீப்பாக இருந்தவரின் கோபம் இங்கு வெளிப்படையாகவே தெரிகிறது. ஆசிரியர் கிறித்தவராயினும் கதைக் குடும்பம் இந்துக் குடும்பம்; சமய மாற்றம் கதையின் நோக்கமன்று. முன்னரே சர்வ சமய சமரசக் கீர்த்தனைகள் இயற்றியவர் இவர்.

பிற்காலம்

1876-78 பஞ்சத்தில் தம் பொருளைச் செலவிட்டு ஏழைகளுக்குக் கஞ்சி வார்த்தார். கோபாலகிருஷ்ண பாரதியார் இவரைப் புகழ்ந்து பாடினார். இரண்டாவது புதினமான சுகுண சுந்தரி 1887 இல் வெளிவந்தது.