பன்னிரண்டாம் பத்திநாதரும் பிள்ளையில்லா வீடும்

நமது விருத்தாசலத்தில் மண்ணைக் குழைத்து அச்சில் வார்த்து, சூளையில் வேகவைத்து, பொம்மையும் அகல்விளக்கும் செய்து பிழைக்கிற குடும்பங்கள் அநேகம். சூளையிலிருந்து எடுத்த சாமானில் விரிசல் கண்டால், மண்ணில் குற்றமா, சூட்டில் குற்றமா என்று இரண்டையும் பார்க்கிறோம். வீட்டில் பிள்ளை இல்லையென்றால் மாத்திரம் ஒரு பக்கத்தையே பார்க்கிறோம்.

கலியாணமாகி மூன்று வருஷம் சென்றதும் பெண்ணைக் கோணான்குப்பம் பெரியநாயகி மாதா கோவிலுக்கு அழைத்துப்போகிறார்கள். போகட்டும், நல்லதே. அந்தக் கோவிலைப் பற்றிச் சொல்லிவரும் பூர்வ கதையிலேயே பிள்ளையில்லாத ஒரு கச்சிராயர் வருகிறார். பிறகு பெண்ணை லேடி டாக்டரிடம் அழைத்துப்போகிறார்கள். இரத்தம் எடுக்கிறார்கள், ஸ்கேன் எடுக்கிறார்கள். புருஷன் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறான். அவனையும் சோதிக்கவேண்டும் என்று டாக்டர் சொன்னால் சிலருக்குக் கோபம் வருகிறது. வேறு சிலர், அது நம் வேதத்துக்கு ஆகாது என்று சொல்லி நழுவிவிடுகிறார்கள். அந்தப் பேச்சில் கொஞ்சம் மெய் உண்டு, மிகுதியும் தப்பறை. எது மெய், எது தப்பறை என்று அறிய, ஒரு பாப்பரசருடைய சரித்திரத்தைச் சற்றே கேளுங்கள்.

யூஜேனியோ பச்செல்லி 1876-ம் ஆண்டு மார்ச் 2-ந் தேதி உரோமாபுரியில் பிறந்தார். வத்திக்கானுக்குத் தொண்டு செய்த வக்கீல் குடும்பம். 1899-ல் குருப்பட்டம் பெற்றார். 1917-ல் பாப்பரசரின் தூதராக ஜெர்மனியிலுள்ள பவேரியாவுக்குப் போனார். 1929-ல் கர்தினால், 1930-ல் வத்திக்கான் இராஜாங்கச் செயலர். 1939-ம் ஆண்டு மார்ச் 2-ந் தேதி, தமது 63-வது பிறந்த நாளிலேயே, பாப்பரசராகத் தெரிந்துகொள்ளப்பட்டுப் பன்னிரண்டாம் பத்திநாதர் என்ற பெயரைத் தரித்தார். ஆறு மாதத்தில் உலக யுத்தம் மூண்டது. அந்த யுத்த காலத்தில் யூதருக்காக அவர் இன்னும் உரக்கப் பேசியிருக்கவேண்டும் என்பாரும், மறைவாகப் பலரைக் காத்தார் என்பாரும் இன்றுவரை வழக்காடுகிறார்கள். 2020-ல் அக்காலத்துப் பத்திரங்கள் ஆராய்ச்சியாளருக்குத் திறக்கப்பட்ட பின்னும் அவ்வழக்கு ஓயவில்லை. அதை இங்கே எடுத்தால் நம் விஷயம் நின்றுபோகும்.

நமக்கும் அவர் அந்நியரல்ல. 1953-ல் இந்தியாவுக்கு முதல் கர்தினாலைத் தந்தவர் அவர். நமது அதிமேற்றிராசனத்துக்குப் புதுவை-கடலூர் என்ற பெயர் அமைந்ததும் அதே ஆண்டில்தான். 1955-ல் அம்புரோஸ் இராயப்பர் ஆண்டகையை அதற்கு அதிமேற்றிராணியாராக நியமித்தவரும் அவரே.

இவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. எந்தத் தொழிலாளர் கூட்டமாகத் தம்மைத் தரிசிக்க வந்தாலும், வெறும் ஆசீர்வாதம் கொடுத்து அனுப்பிவிடமாட்டார். அவர்கள் தொழிலின் நூல்களையே வாசித்து, அவர்கள் பாஷையிலேயே பேசுவார். டாக்டர்களுக்கு 1949-ல் பேசினார், மருத்துவச்சிகளுக்கு 1951-ல், சிறுநீரக வைத்தியருக்கு 1953-ல். 1954-ல் கொடிய வயிற்று நோயால் சாகுந்தறுவாய்க்குப் போய்த் தேறினார். தேறிய உடம்போடு 1956-ம் ஆண்டு மே 19-ந் தேதி, பிள்ளைப்பேறு, மலட்டுத்தன்மை பற்றிய இரண்டாம் உலக மாநாட்டு டாக்டர்களைச் சந்தித்துப் பிரெஞ்சு மொழியில் பேசினார்.

முதலில் அவர்கள் வேலையைப் புகழ்ந்தார். பிள்ளையில்லாத தம்பதிகளின் வேதனையை அவர் சிறிதாக எண்ணவில்லை. அதன் காரணத்தைத் தேடுவதும் தீர்ப்பதும் நல்ல காரியம் என்றே கொண்டார். ஆகையால் சோதனையே ஆகாது என்கிறவர்கள் இவரைத் துணைக்கு அழைக்கமுடியாது.

எதை விலக்கினார்? விந்துவைச் சோதிக்க வேண்டி, ஆண் தன் கையால் அதை வெளிப்படுத்துவதை விலக்கினார். இது புதிய கட்டளையல்ல. 1929-லேயே, நோயைக் கண்டறிவதற்காகக்கூட அப்படிச் செய்யலாகாது என்று திருச்சபையின் விசுவாசக் காவல் சபை பதில் சொல்லியிருந்தது. பிள்ளைபெறும் சக்தி புருஷனும் பெண்சாதியும் ஒருவருக்கொருவர் தங்களைக் கையளிக்கும் அந்த ஐக்கியத்துக்கென்றே கொடுக்கப்பட்டது. அதிலிருந்து அதைப் பிரித்தெடுக்க, நோக்கம் எத்தனை நல்லதானாலும், மனுஷனுக்கு உரிமையில்லை என்பது அவர் காட்டிய நியாயம். அவர் சொன்ன மற்றொன்று பலர் காதில் விழுவதில்லை. மெய்விவாகம் பிள்ளைக்கு உரிமை கொடுக்கிறதில்லை. பிள்ளை நாம் கேட்டு வாங்கும் பண்டமல்ல. 1987-லும் 2008-லும் வத்திக்கான் வெளியிட்ட போதனைகள் இந்த வழியிலேயே நடக்கின்றன.

அப்படியானால் புருஷன் என்ன செய்வது? டாக்டர் உடம்பைப் பார்ப்பதிலும், இரத்தத்தில் ஹார்மோன் பார்ப்பதிலும், ஸ்கேனிலும் யாதொரு தடையுமில்லை. விதைப்பையில் இரத்தக்குழாய் புடைத்திருக்கிறதா என்பது இவற்றிலேயே தெரிந்துவிடும். விந்துவையே பார்க்கவேண்டுமானால், தம்பதிகள் கூடியபின் பெண்ணிடமிருந்து எடுத்துப் பார்க்கிற பழைய சோதனை ஒன்று உண்டு. இக்காலத்தில் அதைச் செய்கிறவர்கள் குறைவு. மற்றொன்று, உயிரணுக்களைக் கொல்லும் மருந்து பூசாத தனி உறையில் சிறு துவாரமிட்டு, அதை அணிந்து தம்பதிகள் கூடுவது. துவாரத்தின் வழியாகக் கொஞ்சம் இயல்பான இடத்தைச் சேர்கிறது. மீதியைச் சோதனைக்குக் கொடுக்கலாம். மறைநூல் வல்லுநர் பலரும் இதை ஒப்புக்கொள்கிறார்கள். கடையில் விற்கும் சாதாரண ரப்பர் உறை உதவாது. அது உயிரணுக்களைக் கெடுத்துவிடும். எடுத்ததை உடம்புச் சூடு ஆறாமல் ஒரு மணி நேரத்துக்குள் சோதனைச்சாலையில் சேர்க்கவேண்டும். ஆகவே முன்னதாகவே டாக்டரிடம் வாய்திறந்து கேளுங்கள். நமது பக்கத்து ஆஸ்பத்திரிகளில் ஒரு டப்பாவைக் கையில் கொடுத்துக் கழிப்பறையைக் காட்டுவதே வழக்கம். வேறு வழி உண்டென்று நீங்கள் சொன்னால்தான் அவர்களும் விசாரிப்பார்கள்.

அறியாமல் ஏற்கெனவே அப்படிச் சோதித்துக்கொண்டவர்கள் கலங்கவேண்டாம். பாவசங்கீர்த்தனத் தொட்டி இருக்கிறது. அதற்குத் தண்டனையாகத்தான் பிள்ளையில்லை என்று யாரேனும் சொன்னால், அது நம் வேதமல்ல.

சூளையில் வேலை செய்கிறவர்கள் இன்னொன்றும் கேட்கவேண்டும். ஆணின் விதைகள் உடம்பைவிட இரண்டு மூன்று டிகிரி குறைந்த சூட்டில்தான் சரியாக வேலைசெய்யும். பத்திநாதருடைய இத்தாலி தேசத்திலேயே, பீங்கான் ஆலைகளில் கடும் வெப்பத்தில் உழைத்த ஆண்களைச் சோதித்து 1992-ல் ஓர் ஆராய்ச்சி வெளிவந்தது. பிள்ளைப்பேற்றில் தடை அவர்களிடம் அதிகம் காணப்பட்டது. மெருகில் கலக்கும் ஈயமும் கெடுதலே. உயிரணு முதிர ஏறக்குறைய 70 நாள் ஆகிறபடியால், சூட்டைவிட்டு விலகியிருந்தாலும் பலன் தெரிய மூன்று மாதம் பொறுக்கவேண்டும். பிள்ளையில்லாத தம்பதிகளில் சுமார் பாதிப்பேரிடத்தில் ஆணின் பக்கத்துக் குறையும் சேர்ந்திருக்கிறதென்று வைத்தியர்கள் சொல்லும்போது, நம் வீட்டுப் பெண் மாத்திரம் எத்தனை ஸ்கேனுக்குப் படுப்பாள்?

குறை யாரிடம் இருந்தாலும் விவாகம் விவாகமே. மலட்டுத்தன்மை மெய்விவாகத்தைத் தடுப்பதுமில்லை, செல்லாததாக்குவதுமில்லை என்று 1917-ம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் சொன்னது. 1983-ம் ஆண்டுச் சட்டத்தின் 1084-ம் பிரிவும் அதையே சொல்கிறது. தெரிந்தே மறைத்து ஏமாற்றியிருந்தால் அது வேறு வழக்கு. மற்றபடி, பிள்ளையில்லையென்று மருமகளைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிட்டு மகனுக்கு வேறு பெண் பார்க்கிற மாமியாருக்குத் திருச்சபையில் இடமில்லை.

1958-ம் ஆண்டு செப்டம்பர் 12-ந் தேதி பத்திநாதர் இரத்த நோய் வைத்தியர்களுக்குப் பேசினார். தாயின் இரத்த வகையும் தகப்பன் இரத்த வகையும் ஒவ்வாமல் பிள்ளைகள் இறக்கும் குடும்பங்களைப் பற்றி அப்போது விரிவாகச் சொன்னார். அப்போது அவருக்கு வயது 82. அக்டோபர் 9-ந் தேதி, காஸ்தல் கண்டோல்போ அரண்மனையில் உயிர் நீத்தார்.